வாஷர் டப்பாவில் எலுமிச்சை வாசனை

என்னங்க, எழுந்ததும் காரைத் தேடாதீங்க, நான்தான் எடுத்துட்டுப் போறேன். அத்தையைக் கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு மத்தியானம் வந்துடுவோம். சாதம் குக்கர்ல இருக்கு, குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க.

நேத்து வண்டி ஓட்டும்போது முன் கண்ணாடியைக் கழுவலாம்னு தண்ணியைப் பீச்சினா, கண்ணாடி பூரா நுரை! ரோடே தெரியாம ஓரங்கட்டினேன். பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு, "உனக்கு வண்டி ஓட்ட வராது"ன்னு உங்கம்மா முன்னாடியே சொன்னீங்க.

காலையில பானெட்டைத் திறந்து மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை. கண்ணாடிக்குத் தண்ணி பீச்சுற வாஷர் டப்பாவுல பாத்திரம் விளக்குற சோப்பை ஊத்தி வெச்ச புண்ணியவான் யாருன்னு நான் சொல்லணுமா?

அத்தனையையும் வெளியேத்தி, அலசி, கடையில விக்கிற வாஷர் தண்ணியை நானே ஊத்திட்டேன். மிச்சம் செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு. கண்ணாடி படம் போட்ட மூடியைத் திறந்து இனிமே அதை மட்டும் ஊத்துங்க. பக்கத்து டப்பா எஞ்சினோடது, அதுல கை வெக்காதீங்க.

இனி அத்தையோட ஆஸ்பத்திரி ஓட்டமெல்லாம் என் பொறுப்பு. மறுபேச்சு வேண்டாம். அத்தை இப்பவே முன் சீட்டுல ஏறி பெல்ட்டு போட்டாச்சு.

மறந்துட்டேன்: சிங்க்ல பாத்திரம் கிடக்கு. சோப்பு எதுக்குன்னு இப்பத் தெரிஞ்சிருக்குமே.