ஏழாம் திருவிழா யாருடையது

ஜனவரி 13, 2025
ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் செயலி கேட்டிருப்பவர் டொரன்டோவில் இருக்கும் பரமலிங்கம் அண்ணை. கோயில் சங்கத்தின் செயலாளர். இரண்டு கிழமைக்கு ஒருதரம் செய்ததைக் காட்டி, கேட்டுத் திருத்துவது எங்கள் கம்பனி வழக்கம். என்னென்ன வேண்டும் என்றேன். "நீர் புங்குடுதீவுப் பிள்ளை. உமக்கும் விளங்கப்படுத்த வேணுமே?" செயலியின் அடியில் என் பெயரையும் போடச் சொன்னார். அம்மாவைப் பெருமையில் பிடிக்க முடியவில்லை. எனக்கு மட்டும் குறைவோ?

ஜனவரி 27
ஏழாம் திருவிழாவில் மாட்டுப்பட்டுவிட்டேன். அந்த நாளின் செலவை ஏற்று நடத்தும் உபயம் ஒரு வருசம் அண்ணை குடும்பத்துக்கு, மறு வருசம் எங்கள் பக்கத்து வீட்டு யோகம்மா அக்கா குடும்பத்துக்கு. ஆனால் ஊரே இடம்பெயர்ந்திருந்த காலத்தில் திருவிழா நடக்கவில்லை. அந்த வருசங்களையும் முறையில் சேர்ப்பதா? சேர்த்தால் இந்த முறை அண்ணை. விட்டால் அக்கா.

"இப்போதைக்கு எங்கட பேரைப் போடும், சும்மா பாக்கிறதுக்கு. பிறகு கதைப்பம்" என்றார் அண்ணை. போட்டேன்.

பெப்ரவரி 24
திரும்பவும் கேட்டேன். "அது பிறகு." செயலியின் நிறத்தைப் பற்றி மட்டும் அரை மணித்தியாலம் கதைத்தார்.

ஏப்ரல் 9
எனக்குச் சொல்லாமலே சங்கத்தார் செயலியை வெளியே விட்டுவிட்டார்கள். ஏழாம் திருவிழாவுக்கு அண்ணை குடும்பத்தின் பெயரோடு! யோகம்மா அக்கா எங்கள் வாசல் படலையில் நின்றபடி அம்மாவிடம், "உன்ர மேள் எங்கட திருவிழாவைத் தூக்கிக் குடுத்திட்டாள்" என்றாராம்.

சங்கத்தில் கேட்டவர்களுக்கு அண்ணை சொன்ன பதில்: "நான் ஒண்டும் சொல்லேல்லை. கொம்பியூட்டர் கணக்குப் பாத்துப் போட்டது. எங்கட சுலோஜனாதான் செய்தவ."

எங்கட சுலோஜனா! பாவம், என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாத மனுசன் என்றெல்லோ நினைச்சனான்? அந்தாளுக்கு எல்லாம் தெளிவாத்தான் இருந்திருக்கு. என்ர கையால செய்விச்சுப் போட்டு — சீ.

ஏப்ரல் 10
பெயரை எடுத்துவிட்டு, 'முடிவாகவில்லை' என்று போட்டேன்.

ஏப்ரல் 21
இன்று செய்ததைக் காட்டும் நாள். வீட்டிலிருந்தே வீடியோவில் அண்ணையை எடுத்தேன். யோகம்மா அக்காவையும் கூப்பிட்டேன். என் முகத்தைப் பாராமல் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, நடக்காத வருசங்களைச் சேர்க்கிறதோ, விடுறதோ? அக்காவுக்கு முன்னால சொல்லுங்கோ."

"லைன் சரியில்லைப் பிள்ளை." தொடர்பை வெட்டிவிட்டார்.

ஏப்ரல் 22
மனேஜர் சயந்தன்: "வாடிக்கையாளரை ஏன் சந்திக்கு இழுத்தனீர்?" வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

ஜூலை 5
இன்று ஏழாம் திருவிழா. செயலியில் திரும்பவும் அண்ணை குடும்பத்தின் பெயர். அடியில் இன்னும் என்னுடைய பெயர். எடுக்கச் சொல்லி எத்தனை தரம் கேட்டாயிற்று.

கோயிலுக்குப் போகவில்லை. பின்னேரம் படலை திறந்த சத்தம். யோகம்மா அக்கா கைபேசியை நீட்டினார்.

"இது நீ போட்டதில்லை எண்டு தெரியும் பிள்ளை. உன்ர பேரையாவது எடன்."

"எனக்கு ஏலாது அக்கா. உள்ள போற வழியைப் பூட்டிப்போட்டினம்."

"எனக்கும்தான்" என்றார்.

தேத்தண்ணி போட்டேன். கோயிலில் மேளம் தொடங்கியது. இருவரும் குடித்தோம்.