பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் விழுங்கிய மாத்திரை

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் டாலிகஞ்ச் வீட்டுக்கு வெளியே மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. தினமும் பலகை மேல் நடந்துதான் வேலைக்குப் போகிறேன். ஆமாம், வேலைக்கு! கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். ஏழு மாதமாக யாரும் என்னைப் பிடித்துக் கட்டவில்லை, ஊசி போடவில்லை.

எப்படி என்று கேட்பீர்கள். மாத்திரையால்தான். உங்களுக்குப் பிடிக்காத பதில், தெரியும்.

முதல் தடவை எனக்குத் தலைக்கு ஏறியது நினைவிருக்கிறதா? நாலு நாள் தூங்காமல் ஸ்டுடியோ வாசலில் போய் நின்று, இன்றைக்குக் கதாநாயகி நான்தான், கேட்டைத் திற என்று காவலாளியோடு மல்லுக்கு நின்றேன். நீங்கள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தீர்கள். இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உங்களுக்கு வந்திருக்காது.

நம் வங்காளி டாக்டர்பாபு லித்தியம் மாத்திரை கொடுத்தார். நீங்கள் அவரையும் நம்பினீர்கள், மாரியம்மனையும் நம்பினீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் எனக்குத் தெளிய வேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாச் சாப்பாடு நேர்ந்துகொண்டு, எனக்கும் அதையே பொங்கிப் போட்டீர்களே, அங்கேதான் சறுக்கியது. பதினைந்தாவது நாள் கை நடுங்கி, வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தேன்.

டாக்டர்பாபு பதறிவிட்டார். "உப்பை நிறுத்தினால் லித்தியம் உடம்பை விட்டுப் போகாது மோஷாய். உள்ளேயே சேர்ந்து விஷமாகிவிடும். யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?"

யாரைக் கேட்பீர்கள்? மருந்துச் சீட்டில் அது எழுதியிருக்கவில்லை, வாயாலும் யாரும் சொல்லவில்லை. அதற்காகக் கடைசிவரை உங்களையே வைதுகொண்டீர்களே, அது எனக்கு ஆறவே இல்லை அப்பா. ஆனால் மாத்திரையே விஷம் என்று நீங்கள் முடிவு கட்டியது தப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் லித்தியத்தை ரத்தம் சோதித்து அளவாகத் தந்தார்கள். வேகம் அடங்கவில்லை. கூடவே தூங்கவைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். மரக்கட்டையாகக் கிடந்தேன், எழுந்ததும் பழைய கதைதான். தலைக்குக் கரண்ட் ஷாக் கொடுத்ததில் இரண்டு மாதம் தாங்கியது.

நீங்கள் போன பிறகு மறுபடி வந்தது. லித்தியத்தோடு, வலிப்புக்காரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையைச் சேர்த்துப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கிறது, உனக்குக் கேட்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார் டாக்டர்பாபு. சத்தியம் பண்ணாததால்தான் அவரை நம்பினேன். முதல் இரண்டு வாரம் தலை சுற்றியது, ஒன்று இரண்டாகத் தெரிந்தது. பிறகு ஒரு காலையில், யாரோடும் சண்டை போடத் தோன்றாமல் ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்தான், பெண் பார்க்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு. வந்ததும் முதல் வேலையாக அடுக்களைக்குள் நுழைந்து என் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்தான்.

"ஏட்டி, ரெண்டு மணி நேரம் வாயைப் பொத்திக்கிட்டு இரு. வலிப்பு மாத்திரைன்னு தெரிஞ்சா எவன் வருவான்? கல்யாணம் ஆனா எல்லாம் தன்னால தெளிஞ்சிரும். அப்புறம் எதுக்கு மாத்திரை?"

நீங்களும் சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினீர்கள். என் நல்லதுக்குத்தான். ஆனால் ஒளித்து ஒளித்துப் போட்டால் ஒரு வேளை தப்பும், அப்புறம் இரண்டு வேளை தப்பும். பிறகு நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?

மாத்திரை நேரம் வந்தது. அரிசிக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் விழுங்கினேன்.

"என்னம்மா, தலைவலியா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்ல அத்தை. பைத்தியம் பிடிக்காம இருக்கறதுக்கு. தினம் மூணு வேளை."

கேசரித் தட்டு பாதியில் நின்றது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர்கள் போய்விட்டார்கள். போகட்டும். அண்ணனும் அன்றைக்கே கிளம்பினான், உங்கள் திதிக்கு வரமாட்டானாம். "அப்பா பேரைக் கெடுத்துட்டியேட்டி" என்றான். கெடுத்துவிட்டேனா அப்பா?

சாயங்காலம் அழுதேன். நோய் கிளப்புகிற அழுகை எனக்குத் தெரியும். இது வெறும் துக்கம், அழுது முடித்ததும் பசித்தது.

உங்களுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியாயிற்று. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பதிலுக்கு வேறொன்று தருகிறேன். இந்த மாத்திரையும் ஒருநாள் கேட்காமல் போகலாம். அன்றைக்கு அடுத்தது என்ன என்று கேட்டு டாக்டரிடம் நானே நடந்து போவேன். அதுவும் கேட்காவிட்டால் அதற்கடுத்தது. என்னை யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்காது.

உங்கள் திதியை நானே கொடுக்கப்போகும்,
உங்கள் மகள்
சிவகாமி