ஒரு சாண் நகரும் நாற்காலி

ஆவணி 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். சாமைக் கொல்லையில் களை பாதிதான் முடிந்தது. மீதி நாளை.

என் பெண்டாட்டி மல்லிகாவின் மார்பில் இருக்கும் கட்டியில் ஊசியால் குத்திச் சதை எடுத்து இன்றோடு ஒன்பது நாள். ரிசல்ட் என்ன ஆயிற்றோ. இங்கே மலைமேல் சிக்னல் கிடையாது. வந்திருந்தாலும் எப்படித் தெரியும்?

மதியம் களி தின்றதும் பேய்ப்படம் போட்டாள். ஒடுகத்தூரில் இருக்கும் அவள் தங்கை டச் போனில் ஏற்றிக் கொடுத்தது. வெளிநாட்டுப் படம், பேச்சு மட்டும் தமிழ். ஒரு வீடு, ஒரு பெண், ஒரு நாற்காலி. விடிந்தால் நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருக்கிறது, அவள் படுக்கிற அறைப் பக்கமாக. இன்று பார்த்த அரை மணி நேரமும் இவ்வளவுதான். பேயைக் காணோம். எனக்குக் கொட்டாவி. மல்லிகா கண் இமைக்கவில்லை.

"இன்னா இருக்குது இதுல?"

"சும்மா இரு மாமா. வரும்."

ஆவணி 11, செவ்வாய்

களை முடிந்தது. இடுப்பு போச்சு. வெள்ளாடு சரியாக மேயவில்லை.

படம், இன்னொரு அரை மணி. நாற்காலி அறை வாசல் வரை வந்துவிட்டது. பேய் இன்னும் இல்லை. காட்டித் தொலைத்தால்தான் என்ன? எரிச்சலில் கேட்டேவிட்டேன், வீட்டில் இருக்கிற பயம் போதாதா என்று.

"அந்தப் பொம்பளைக்கு இன்னா ஆவுமோன்னு பாக்கறப்ப, எனக்கு இன்னா ஆவுமோன்னு தோணல மாமா."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

சாயந்திரம் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஆவணி 12, புதன்

ஜீப்பில் ஒடுகத்தூர். உப்பு, டார்ச் பேட்டரி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து. மருந்தை மறந்துவிட்டு வந்தேன்.

அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் என் பட்டன் போனில் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். நர்ஸம்மா எடுத்தார்கள். "ரிசல்ட் வந்துட்ச்சிங்க. போன்ல சொல்லக் கூடாது. நாளைக்கே அவங்களக் கூட்டினு வாங்க. டாக்டர் நேர்ல பேசணும்னாரு."

"நல்லதாம்மா, கெட்டதா?"

"வாங்களேன்."

நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பார்கள். இல்லை, எல்லாரையும் நேரில்தான் வரச் சொல்வார்களோ? அப்புறம் எதற்கு நாளைக்கே? அந்த "வாங்களேன்" சிரித்த குரலா, இரக்கப்பட்ட குரலா? மலை ஏறி முடிகிற வரை இதே.

வீட்டில் படத்தோடு காத்திருந்தாள். கடைசி அரை மணி.

"ஆஸ்பத்திரிக்குப் பேசினியா?"

"லைன் கெடைக்கல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்காலி கட்டிலை ஒட்டி நிற்கிறது. இன்று எனக்குக் கொட்டாவி வரவில்லை. பேய் வர வேண்டாம், நாற்காலி இன்னும் நூறு நாள் இப்படியே சாண் சாணாக நகரட்டும் என்று இருந்தது. நேற்று அவசரப்பட்டதும் நான்தான். இதுதான் இந்தப் படத்தின் ருசியா? தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

படத்துப் பெண் நாற்காலிமேல் கிடந்த போர்வையை விலக்கக் கை நீட்டினாள். மல்லிகா படத்தை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு எத்தினி மணி ஜீப்பு மாமா?"

"ஆறரை."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.