ராடிம் யாருடைய ஆள்

ஃபெங்யுவான்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் சின்லானுக்கு அம்மா எழுதுவது. நானும் தம்பியும் சித்தப்பா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், நீயும் புர்னோ குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க முடியவில்லை. வலது மணிக்கட்டு எலும்பு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. பதறாதே, விரல்கள் அசைகின்றன, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் விரைவுத் தபாலில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

ராடிம் உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நீ சொல்லித்தானே அவரை எடுத்தோம். அந்தச் செக் நாட்டில் நமக்குக் கம்பெனி கிடையாது, நேராக ஆள் வைக்க வழியில்லை, அதனால் பிராகாவில் இருக்கும் அந்த நிறுவனம் அவரைத் தன் ஊழியராகப் பதிந்துகொண்டு சம்பளம், வரி, காப்பீடு எல்லாம் பார்க்கும், வேலை மட்டும் நாம் சொல்வோம் என்று ஏற்பாடு. இத்தனை நாள் ஒரு குறையும் இல்லை. நம் பட்டறையில் செய்யும் கடைசல் லேத்துகளை அங்கே இறக்கி, ஓட்டிக் காட்டி, வாங்கியவர்கள் கையில் ஒப்படைப்பதை அவர் தன் வீட்டு வேலைபோலச் செய்துவந்தார். போன மாதம் ஒஸ்ட்ராவாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போன லேத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக் சுற்றி நிற்பதற்கு முன்னாலேயே கதவுப் பூட்டு விட்டுக்கொடுக்கிறது, எப்போதும் இல்லை, சில தடவைதான், ஆனாலும் இதை ஒப்படைக்க முடியாது என்று சிவப்பு அட்டையை மாட்டிவிட்டார். அந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்கு அவசரம். நேரே அப்பாவைக் கூப்பிட்டு, இந்த வாரம் ஓடாவிட்டால் லேத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று மிரட்டினார்கள். அப்பாவின் கோபம் உனக்குத் தெரியும். அந்தப் பூட்டு அவரே தேர்ந்தெடுத்து மாற்றியது வேறு. ராடிமைக் கூப்பிடச் சொல்லி, என்னை நடுவில் வைத்துப் பேசினார். நம்ம பட்டறையில நூறு தடவை பார்த்துத்தான் அனுப்பினோம்னு சொல்லு, கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சுட்டு வரச் சொல்லு என்றார். ராடிம் குரலை உயர்த்தவே இல்லை. அந்தக் கதவுக்கு முன்னாடி நாளைக்கு ஒருத்தர் நிப்பாங்கம்மா, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் அவனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி எழுது என்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் எழுதாமல் பிராகாவுக்குப் போன் செய்தேன். அங்கே நம் விஷயங்களைக் கவனிக்கும் பிளாங்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதப்படி அவர் எங்க ஊழியர், ஆபத்துன்னு சொல்லி ஒரு வேலையை மறுத்தவரை அதுக்காக நீக்க எங்க சட்டத்துல இடமில்லை, நீங்க சொன்னாலும் நாங்க செய்ய மாட்டோம், எங்களோட உங்க ஒப்பந்தத்தை முறிக்கணும்னா அது வேற பேச்சு, அதுக்கும் முறை இருக்கு என்றார். இதை நான் சொன்னதும் அப்பா சிரித்தார், சந்தோஷச் சிரிப்பு இல்லை. பணம் குடுக்கிறது நான், வேலை சொல்றது நான், ஆனா அவன் என் ஆள் இல்லையாம், அப்ப நான் யாரு, வேடிக்கை பாக்க வந்தவனா என்றார். ஆகுன் சித்தப்பா சும்மா இருப்பாரா. ஏண்ணே, உங்க ஆளா இருந்தா மட்டும் தலையாட்டணுமா, நான் உங்க கூடப் பொறந்தவன், நானே ஆட்டறதில்லையே என்றார். அப்பா நேரே பட்டறைக்குள் போனார்.

அதே பூட்டு மாட்டிய இன்னொரு லேத் கப்பலுக்குப் போகத் தயாராக நின்றது. எல்லாரையும் கூப்பிட்டார். அந்தச் செக்காரன் பொய் சொல்றான்னு இப்பக் காட்டறேன் என்று ஓட்டி, நிறுத்தி, சக் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கதவை இழுத்தார். திறக்கவில்லை. மறுபடி ஓட்டி இழுத்தார், திறக்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தார், அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, ஜெயித்துவிட்ட முகம். அடுத்த தடவை எங்களைப் பார்த்துக்கொண்டே முழுப் பலத்தோடு இழுத்தார், கதவு வெண்ணெய் மாதிரி நகர்ந்துவிட்டது. இழுத்த வேகத்தில் நிலை தடுமாறி, விழாமல் இருக்கக் கையை உள்ளே ஊன்றிவிட்டார். சட்டைக் கை சக்கில் மாட்டிச் சுருட்டிக்கொண்டு போனது. சித்தப்பா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். அது நின்றதும் சட்டையைக் கத்தரித்துக் கையை வெளியே எடுத்தோம். சக் நிற்கப்போகும் வேகத்தில் இருந்ததால் மணிக்கட்டோடு போயிற்று. வேலை நேரத்து வேகத்தில் மாட்டியிருந்தால் என்று நினைக்க ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் முதலில் சொன்னது, அந்தப் பூட்டு போட்ட எல்லா லேத்தையும் நிறுத்தச் சொல்லு என்பதுதான். எலும்பை நேராக்க உள்ளே கூட்டிப் போகுமுன் ஒவ்வொரு வாடிக்கையாளராக நானும் சித்தப்பாவும் கூப்பிட்டோம். சிலர் திட்டினார்கள், திட்டட்டும். ஒஸ்ட்ராவாக்காரர்கள் திட்டவில்லை, சிவப்பு அட்டையை யாரும் கழற்றவில்லை என்று மட்டும் சொன்னார்கள். பிறகு பிளாங்காவுக்குப் போன் செய்து, ராடிமைப் பற்றிய பேச்சை மறந்துவிடுங்கள், அவர் இருக்கட்டும் என்றேன். அவரே விலகல் கடிதம் குடுத்துட்டார்மா, இன்னைக்குக் காலைலதான் வந்துது என்றார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் இனி எப்படி நம்பி வேலை பார்ப்பது என்று கேட்டாராம். சின்லான், நீக்கு நீக்கு என்று குதித்த மனிதர் இதைக் கேட்டு எப்படிச் சுருங்கிப்போனார் தெரியுமா. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரிசிக் கஞ்சியை ஊட்டப் போனால் வாயைத் திறக்கவில்லை.

விபத்தைப் பற்றி நான்தான் ராடிமுக்கு எழுதினேன், திரும்பி வாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தக் கை, விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று உடனே பதில் கேட்டிருந்தார். அப்பா அதை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். இருக்குன்னு எழுது என்றவர், நான் அங்கே போறேன், புதுப் பூட்டை நானே கொண்டுபோறேன், அவன் மாட்டட்டும், அப்புறம் போறதானா போகட்டும் என்றார். டாக்டர் விமானம் ஏற அனுமதி தந்துவிட்டார், சித்தப்பாவும் துணைக்கு வருகிறார். வந்தால் ஒஸ்ட்ராவாவில் சந்திக்கிறேன் என்று ராடிம் எழுதியிருக்கிறார், விலகலைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லவில்லை. பெறாமலும் போகலாம். அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது, நீ சிநேகிதி என்ற உரிமையில் அவரை வற்புறுத்தாதே.

அப்பா அடுத்த வியாழன் வியன்னாவில் இறங்குகிறார், கூட்டி வர நீ போ. மாவுக்கட்டின் மேல் மாட்ட அகலக் கையுறை ஒன்று வாங்கி வை, சாப்பாட்டை வெட்டிக் கொடு, ஊட்டப் போகாதே, கோபப்படுவார். பேச்சை நீதான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று. இடது கையால் முகம் மழித்துக்கொண்டே, தம்பி போனில் எடுத்துக் கொடுத்த செக் வாக்கியம் ஒன்றை நாளெல்லாம் சொல்லிப் பார்க்கிறார். நான் சொன்னது தப்பு என்று அர்த்தமாம். எங்கள் காதுக்கே தாறுமாறாகத்தான் இருக்கிறது. அதை அவர் சொல்லும்போது நீ திருத்தாதே, எடுத்துச் சொல்லவும் முன்வராதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே சொல்லி முடிக்கட்டும்.

கோயிலில் உன் பெயருக்கும் ராடிம் பெயருக்கும் சேர்த்து ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், உனக்கு எந்தக் குறையும் வராது.

என்றும் உன் நினைவாக,
அம்மா
லாய் யுன்சியோ