வாடிக்கையாளர் எண்ணில் அம்மா

அன்புள்ள அம்மா,

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வெளியூருக்குக் கிளம்பும்போது, ஆலைகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து தரும் உன் கம்பெனியின் சுற்றுச்சூழல் பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்ததும் திரும்பிவிடுவேன் என்றாய். அதுவரை வாடிக்கையாளர் யாருக்கும் குறை தெரியக் கூடாதாம். நான் போன் செய்தால் மட்டும் "அப்புறம் பேசறேன் கண்ணு" என்று வைத்துவிடுகிறாய். நேற்று அப்பா அத்தையிடம், "இனிமே அவ அங்கயேதான் போல" என்றார்.

ஆள் குறைந்துபோய் வாடிக்கையாளர் போனையும் நீயே எடுப்பதாகச் சொன்னாயல்லவா? இன்று சாயங்காலம் அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு.

"சொல்லுங்க சார். கழிவுத் தண்ணி நிறம் மாறியிருக்கா? நாத்தம் அடிக்குதா?"

எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். எவ்வளவு பொறுமையாகக் கேட்டாய் அம்மா!

"கவலைப்படாதீங்க சார், நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

"நீங்களே வாங்க."

அதைச் சொல்லும்போது குரலைக் கட்டையாக்க மறந்துவிட்டேன். உடனே, "பாப்பா, நீயா?" என்றாய். பயந்துபோய் வைத்துவிட்டேன்.

அந்தப் பேச்செல்லாம் பதிவாகுமாமே. என்னால் உனக்கு ஏதும் வந்துவிடுமோ என்று தூக்கமே வரவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

கோபமாக இருந்தால் போனில் திட்டாதே அம்மா. நேரில் வந்து திட்டு.

உன்
பாப்பா