சூட்கேஸில் ஒளித்த எட்டுப் புத்தகங்கள்

பார்சிப்பனி,
புதன்கிழமை

என் மகள் ருக்ஸானாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா உடம்புக்குக் குறைவில்லை, எனக்கும் இல்லை, மில்பிடாஸில் உனக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் இருக்க வேண்டும். உன் தங்கை மலீஹாவைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

நீ அனுப்பிய பெட்டி வந்து பத்து நாளாகிறது. லீவில் படிக்கப் பன்னிரண்டு புத்தகம், பதினாலு வயதுப் பிள்ளை ஒரே மாதிரி படிக்கக் கூடாது, எல்லாம் கலந்து படிக்கட்டும் என்று மேலே சீட்டு வேறு. நான் விடுவேனா? அவள் ஸ்கூலில் இருக்கும்போதே பிரித்துப் போட்டு, நம் வீட்டு வழக்கப்படி அட்டை பார்த்தேன். என் இங்கிலீஷுக்கு உள்ளே படித்துப் பார்க்க எங்கே பொறுமை, ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்றால் வேண்டாம், குதிரை இருந்தால் சரி, உனக்குத் தெரியாததா. குதிரை ஒன்று, நட்சத்திரம் ஒன்று, கேக் செய்வது ஒன்று, கணக்குப் புதிர் ஒன்று, ஆக நாலு தேறியது. மிச்சம் எட்டையும் ஊருக்குக் கொண்டுபோகிற பெரிய சூட்கேஸில் போட்டு கராஜில் தள்ளிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாயந்தரம் தோசைக்கல்லை வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன், பதிலே இல்லை. கராஜ் கதவைத் திறந்தால் மகாராணி அந்தச் சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அட்டையில் ஒரு பெண்பிள்ளை, கண் வீங்கிக் கறுத்துக் கிடக்கிறது. எந்த ரவுடிப் புத்தகத்தை முதலில் ஒளித்தேனோ அதையே எடுத்திருக்கிறாள். பிடுங்கினேன், விடவில்லை, இழுத்தேன், நடுவில் கிழிந்தது. கிழிந்ததும் என்னைத் தள்ளினாள் ருக்ஸானா, பெற்றவளைத் தள்ளினாள். அவ்வளவுதான், கையில் தோசைக்கரண்டி இருந்தது. தோளில் போட்டேன், மணிக்கட்டில் போட்டேன், புறங்கையால் வாயில் அறைந்தேன், மோதிரம் பட்டு உதடு பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். உள்ளே தோசை கருகி ஸ்மோக் அலாரம் அலறுகிறது, அந்தச் சத்தத்துக்கு மேலே நானும் அலறுகிறேன், அடியாத மாடு படியாதுடி என்று. வீடு பற்றிக்கொண்டது என்று ஓடிவந்த வாப்பா கரண்டியைப் பிடுங்கி எறிந்தார், சுவர் ஓட்டையாகிவிட்டது. இன்னொரு தடவ அவ மேல கை வெச்சே, நானே 911க்கு கால் பண்ணுவேன் பத்ரு என்று கத்தினார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. மலீஹா அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, யூ டிடின்ட் ஈவன் ரீட் இட் என்று மட்டும் சொன்னாள். படிக்காமலே கிழித்தாய் என்கிறாள்.

திங்கட்கிழமை ஸ்கூலில் கவுன்சிலர் உதட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள், இவள் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். நாளைக்கு விசாரிக்க ஒரு பெண் ஆபீஸர் வீட்டுக்கு வருகிறாள். பிள்ளையை எங்களிடம் விடுவதா எடுத்துக்கொண்டு போவதா என்று அவர்கள்தான் முடிவு பண்ணுவார்களாம். இந்தப் பெட்டியை அனுப்பிக் குடியைக் கெடுத்தாளே பாவி என்று அன்றைக்கெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். அப்புறம் அந்தக் கிரில் ஞாபகம் வந்தது. நீ எட்டாவது படிக்கும்போது உன் லைப்ரரி புத்தகம் மூன்றை பேக்யார்டில் கறி சுடுகிற கிரில்லில் போட்டுக் கொளுத்தினேன், எடுக்க நீட்டிய உன் கையை இடுக்கியாலேயே அடித்தேன். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று ஸ்கூலில் சொல்லச் சொன்னேன், நீயும் சொன்னாய்.

நேற்று வாப்பாவும் மலீஹாவும் கிளம்பிப் போன பிறகு அந்தக் கிழிசலை டைனிங் டேபிளில் பரப்பி, பார்சல் டேப் போட்டு ஒட்டினேன். ஒட்டிக்கொண்டே படித்தேன், தெரியாத வார்த்தையைப் போனில் பார்த்துப் பார்த்து. ரவுடிக் கதை இல்லை. ஒரு பெண்பிள்ளை, அவளை அடிக்கிற தாய். அந்தத் தாயும் ராட்சசி இல்லை, சோறு ஊட்டுகிறாள், தலை பின்னிவிடுகிறாள், அதே கையால் அடிக்கிறாள். டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுகிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பழைய நீல மையில் உன் கையெழுத்து, தமிழில், உம்மா என்று ஒரே வார்த்தை. நான் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த எழுத்து. அதன் கீழே பென்சிலில் மலீஹா, எனக்கும் அப்படித்தான் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள்.

அப்படியானால் நீ தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாய். பிள்ளைக்கு என்ன புத்தகம் வேண்டும் என்று மூவாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உனக்குத் தெரிகிறது, பக்கத்து அறையில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை, த்தூ, என்ன தாய் நான்.

நாளை வருகிறவளிடம் சைக்கிள் கதை சொல்லப்போவதில்லை. என் கைதான் என்று சொல்வேன், அப்புறம் அல்லாஹ் விட்ட வழி. எட்டுப் புத்தகத்தையும் மலீஹா அறை வாசலில் அடுக்கி வைத்தேன், பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் காணோம், கதவு மட்டும் சாத்தியே கிடக்கிறது. அடுத்த பெட்டியை அவள் பேருக்கே அனுப்பு. பேய், காதல், சண்டை, விண்வெளி எதையும் விடாதே, அழுகிற கதையாகவே அனுப்பாதே, பிள்ளை சிரிக்கவும் வேண்டும். நான் பிரிக்க மாட்டேன். நீயும் ஃப்ரீவேயில் போன் பேசிக்கொண்டு டிரைவ் பண்ணாதே.

கடைசி நாலு பக்கம் நான் இழுத்த இழுப்பில் தூளாகிவிட்டது, ஒட்ட முடியவில்லை. அந்தத் தாய் முடிவில் மகளிடம் மன்னிப்புக் கேட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. நான் கேட்கிறேன். அந்த இடுக்கிக்கும் சைக்கிளுக்கும் என்னைப் பொறுத்துப் பொருந்திக்கொள் ருக்ஸானா.

உங்கள் இருவரையும் எல்லா ஆபத்திலிருந்தும், என் கையிலிருந்தும் சேர்த்து, அல்லாஹ் காப்பாற்றுவானாக. கடிதம் கிடைத்ததும் முதலில் மலீஹாவுக்குப் போன் பண்ணு, எனக்குப் பிறகு பண்ணலாம்.

துஆவுடன்,
உன் உம்மா
பத்ருன்னிசா