டர்பைனைத் திறக்கவைத்த பொத்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் நாக்கு எங்கள் இருவரையும்விடச் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உங்கப்பா அப்படி என்னதான் வேலை பார்க்கிறார் என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். எரிவாயுவைக் கடுங்குளிராக்கித் தண்ணீர்போலக் கப்பலில் ஏற்றுகிறோம், குளிரவைக்கும் கம்ப்ரஸரைச் சுற்றுவது டர்பைன், அதைத் துடைப்பது நான் என்று சொல். டர்பைன் விமான இன்ஜினுக்குப் பங்காளிதான், ஆனால் பறக்காது, நின்ற இடத்தில் நின்றுகொண்டே அடுத்தவரைச் சுற்றவைக்கும். புரியவில்லை என்றால் மாமியாரை நினைத்துக்கொள்ளச் சொல்.

போன செவ்வாய் என் வேலையே போயிருக்கும். டர்பைனை நிறுத்திக் கழுவும் நாள், அது காற்று இழுக்கும் வாய்க்குள் தவழ்ந்துபோய்த் துடைத்தேன். உள்ளே போகிறவன் பொத்தானே இல்லாத கம்பெனி உடுப்புதான் போட வேண்டும், என்னுடையது ஈரம், திருட்டுத்தனமாகச் சொந்தச் சட்டையோடு போய்விட்டேன். எல்லாம் மூடி ஓட்டப்போகும் நேரத்தில் குனிந்தால் நடுப் பொத்தானைக் காணோம். உள்ளே கிடந்தால், ஓடுகிற வேகத்தில் பிளேடுகள் தப்பாது. சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் டர்பைன் போகும். நேரே ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். யோவ், கப்பல் வந்து நிக்குது, உன் பொத்தானுக்காக மெஷினைத் தொறக்கணுமா என்று ஃபோர்மேன் குதித்தார். ஆனாலும் திறந்தார்கள். நாலு பேர் ஐந்து மணி நேரம் டார்ச் அடித்துத் தேடியும் இல்லை. கடைசியில் பெரிய இன்ஜினியரம்மா, வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். உன் அம்மா சாவகாசமாக, அது காலையிலேயே வாசல்ல விழுந்துச்சு, எடுத்து வச்சிருக்கேன், நெஞ்சைக் காட்டிக்கிட்டுப் போனீங்களே, அழகுக்குன்னு நினைச்சேன் என்றாள். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஃபோர்மேன் மட்டும் இவனை வீட்டுக்கு அனுப்புங்க என்றார். இன்ஜினியரம்மா, சட்டைக்காக ஒரு வாரம் உள்ளே போகக்கூடாது, அதோட சரி, சொன்னவரை அனுப்பிட்டா நாளைக்கு யார் வந்து சொல்லுவா என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பெயரே பொத்தான்தான், வெட்கத்தில் கேன்டீன் பக்கம் போகவில்லை. நேற்று அடுத்த டர்பைனை மூடியபிறகு ஒரு ஃபிட்டர், ஐம்பது வயது மனுஷன், வேர்க்க விறுவிறுக்க என்னைத் தேடி வந்தார். பொத்தானண்ணே, ஒரு துணியை உள்ளே விட்டுட்டேன் போல, சொல்லப் பயமா இருக்கு, கூட வாங்க என்றார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். இந்த முறை ஃபோர்மேன் குதிக்காமல் திறந்தார். துணி பிளேடுக்கு ஒரு சாண் முன்னால் கிடந்தது.

இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும், சண்டை வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். பல்வலியை அம்மாவிடம் மட்டும் சொன்னாயாமே, இன்றைக்கே மாப்பிள்ளையிடமும் சொல்லி டாக்டரிடம் போ.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா